ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். உருண்டையான பூமியின் மேல் நூல் பிடித்து அளந்த கணக்கு இது. தட்டையான வரைபடத்தில் இரு நகரங்களையும் கோடு போட்டு இணைத்தால், அது கஜகஸ்தான், மங்கோலியா வழியாகப் போகும். உண்மையான குறுக்குவழியோ வடக்கே வளைந்து சைபீரியாவைக் கடக்கிறது.

அந்த வழியில் பறந்தவரை பயண நேரம் ஏறத்தாழ ஒன்பதரை மணி. ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் டோக்கியோ போய்த் திரும்பிவிடலாம். பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் தன் ஆசியச் சேவைகளையே இந்த வசதியை நம்பித்தான் வளர்த்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. நகரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, பறக்க வேண்டிய தூரம் சுமார் 12,900 கிலோமீட்டர் வரையும், நேரம் 13 மணி வரையும் நீண்டன. இப்போது இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று தெற்கே மத்திய ஆசியா, சீனா வழியாகச் சுற்றுவது. மற்றொன்று பெரிங் நீரிணையையும் வட துருவத்தையும் கடப்பது. எந்த நாளில் எது என்பதைக் காற்றின் போக்கைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

துருவ வழியில் குளிர்தான் பெரிய கவலை. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். வெளியே காற்றோ மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போகக்கூடும். இறக்கைகளுக்குள் இருக்கும் எரிபொருள் மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் குளிர்கிறது. விமானிகள் அதன் வெப்பநிலையைக் கண்காணித்தபடியே பறக்கிறார்கள். அது உறைநிலையை நெருங்கினால், வெப்பம் சற்றுக் கூடுதலான காற்றடுக்குக்கு விமானத்தை மாற்றுவார்கள். அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். வேகம் கூடினால் காற்று அழுந்தியும் உராய்ந்தும் இறக்கையின் மேற்பரப்பு சிறிது சூடாகும்.

இந்த வழி புதிதல்ல. சோவியத் வான்வெளி எளிதில் திறக்காத காலத்தில், ஐரோப்பிய விமானங்கள் பல அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் ஜப்பான் போயின. 1983இல் ஃபின்னேர் தன் டிசி-10 விமானத்தை வட துருவத்தின் மேலாக, எங்கும் நிற்காமல் டோக்கியோவுக்கு அனுப்பியது. அன்றும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான். இன்று பறக்கும் ஏர்பஸ் ஏ350 எவ்வளவோ மேம்பட்டது. எரிபொருளையும் குறைவாகவே குடிக்கிறது. ஆனாலும் சைபீரியக் குறுக்குவழி ஈட்டித் தந்த நேரத்தை ஒரு போர் பறித்துக்கொண்டது வேதனைக்குரியது.

தடை எல்லோருக்கும் இல்லை. சீன விமான நிறுவனங்கள் ரஷ்யாவின் மேல் பழையபடியே பறக்கின்றன. ஆகவே ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குப் பயணச்சீட்டு வாங்குவோர் கிலோமீட்டர் கணக்கை நம்பாமல், அந்தந்த நிறுவனம் தரும் பயண நேரத்தைப் பார்த்தே விமானத்தை முடிவு செய்ய வேண்டும்.