நங்கூரத்தில் ஒரு குடித்தனம்

பல்லாவரத்திலிருந்து சிறிது தூரம் மேற்கே போனால் திருநீர்மலை. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி ஒரே வெள்ளக்காடாக இருந்ததாம். நீர் வடியட்டும் என்று ஆறு மாதம் காத்திருந்து, பிறகுதான் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் காட்சி தரும் பெருமானைச் சேவித்தார் என்கிறது தல புராணம். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், "ஐயோ பாவம், ஒரு படகு கிடைத்திருக்கக் கூடாதா?" என்று உங்களுக்குத் தோன்றும்.

படகு கையில் இருந்தாலும் காத்திருப்பு விடாது, நேயர்களே! சந்தேகமிருந்தால் தாம்பரத்தில் இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துக் கொள்ளுங்கள். விடிந்து எழுந்தால் தூத்துக்குடி.

பனிமய மாதா கோவிலைத் தாண்டிக் கடற்கரைச் சாலைக்கு வந்தால் பழைய துறைமுகத்துப் பக்கம் பாய்மரங்கள் தெரியும். அவைதான் தோணிகள். தோணி என்றதும் ஓடத்தை நினைத்துவிடாதீர்கள். இருநூறு, முந்நூறு டன் சரக்கை வயிற்றில் அடக்கிக்கொள்ளும் மரக்கலங்கள் இவை! 1974ல் புதிய துறைமுகம் வருவதற்கு முன் பெரிய கப்பல்கள் ஆழம் போதாமல் பல மைல் தள்ளிக் கடலிலேயே நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் சரக்கைச் சுமந்தவை தோணிகளே. 150 கடல் மைல் தூரத்துக் கொழும்புக்கும் போய் வந்தன. இப்போது முக்கியமாக மாலத் தீவு வியாபாரம்தான்; ஏறக்குறைய 400 கடல் மைல். இயந்திரம் பொருத்திய பிறகு பாய் அதற்கு ஒத்தாசை செய்கிறது, அவ்வளவுதான். கடல் நல்லபடியாக இருந்தால் மூன்று நாலு நாளில் மாலே போய்ச் சேரலாம்.

ஆனால் பிரயாணம் இந்த வாழ்க்கையில் சிறு பகுதிதான். மற்ற நாளெல்லாம் துறையில் கிடப்பு! சரக்கு வர வேண்டும், சுங்கக் காகிதம் வர வேண்டும், காற்று மாற வேண்டும். ஏற்றின வெங்காயமும் உருளைக்கிழங்கும் கொஞ்சம் பொறுக்கும், தக்காளி பொறுக்குமா? தோணித் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். வானத்தை ஒரு கண்ணாலும் தக்காளியை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது அவர் தலையெழுத்து.

"துறையில் கிடக்கும்போது எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாமே" என்பீர்கள். மரக்கலத்தைத் தனியே விட்டுவிட முடியாது, ஐயா! பலகை இடுக்கில் கசியும் தண்ணீரை இறைக்க வேண்டும். கடல் ஏறி வற்றும்போது கயிற்றைத் தளர்த்தி இழுத்துக் கட்ட வேண்டும். ஆகவே சிலராவது எப்போதும் தோணியிலேயே குடித்தனம். சமையல், தூக்கம், துணி உலர்த்துவது எல்லாம் மேல்தட்டில்தான். மரத்தின் நடுவே அடுப்பு மூட்ட எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்று சமையலறையில் புழங்கும் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு பக்கமும் ஜலம். ஆனால் நல்ல தண்ணீருக்கு அளவு! கரையில் லாரிகள் முழங்குகின்றன, மாதா கோவில் மணி ஒலிக்கிறது, தெரு விளக்குகள் எரிகின்றன. அந்த விளக்குகளுக்கு அப்பால் ஏதோ ஒரு சந்தில்தான் தம் வீடு என்று தெரிந்தும் இங்கே படுத்திருப்பது சிரமமான காரியம்தான்.

மேற்கிந்தியத் தீவுகளில் கிரெனடா, அன்டிகுவா போன்ற இடங்களில் வசதியுள்ளவர்கள் பாய்ப்படகிலேயே மாதக்கணக்காக வசிக்கிறார்கள். அங்கே காற்றில்லாத நாள் ஓய்வு நாள். இங்கே ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவனுக்குக் காற்றில்லாத நாள் வருமானமில்லாத நாள். பெரிய கப்பல்களும் இரும்புப் பெட்டிகளும் சரக்கை வாரிக்கொண்டு போன பின் தோணிகளின் தொகையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்பத் தயங்கும் தகப்பன்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஓட்டம் நின்றுவிடும். அப்போது 'கலப்பத்து' பார்ப்பார்கள். அதாவது பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து அடைப்பார்கள். கூலி இல்லாத மாதங்கள்தான். ஆனால் ஆகஸ்டு 5ந் தேதி பனிமய மாதா திருவிழா இந்த மாதங்களில்தான் வருகிறது. ஆகையால் அன்றைக்குத் தோணிக்காரர் வீட்டில் அப்பா இருப்பார்.

தோணிகளில் சரக்கேறுவதைப் பார்க்க ஆசையிருந்தால் செப்டம்பர் கழிந்து போங்கள். திரும்பும்போது முந்திரி மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்க மறக்க வேண்டாம். நசுங்காமல் தாம்பரம் கொண்டு வந்து சேர்ப்பது உங்கள் சாமர்த்தியம்!