கத்தரித்த கடைசி வரி

ஏப்ரல் 5 அளவில் இலங்கையின் தென்கோடியில் உச்சம் கொடுக்கத் தொடங்கும் சூரியன், சித்திரைப் புத்தாண்டையொட்டி யாழ்ப்பாணக் குடாநாட்டின் தலைக்கு மேல் வந்து நிற்கும். காலை முழுதும் காய்ந்த செம்மண்ணின் வெக்கை மேலெழும். ஈரக் கடற்காற்று உள்ளே புகும். பின்னேரம் இடி முழங்கும். மாரி மழையைப் போல இது நாட்கணக்கில் நின்று பெய்வதில்லை.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையும் அந்நாட்களில் அதிகம் மாறுவதில்லை. பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை, தற்காலிகமாகப் பலத்த காற்று, கடைசியில் மின்னல் குறித்து ஓர் எச்சரிக்கை. செய்தி மேசையில் இருந்த காலத்தில், பக்கத்தில் இடம் போதாவிட்டால் நான் முதலில் வெட்டியது அந்தக் கடைசி வரியைத்தான். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே!

2019 ஏப்ரல் 16, புத்தாண்டு கழிந்த இரண்டாம் நாள். குப்பிழானில் தோட்ட வேலையில் இருந்த மூவர் மின்னல் தாக்கி இறந்தனர்.

புகையிலையும் வெங்காயமும் விளையும் திறந்த வெளியில் நிமிர்ந்து நிற்கும் மனிதரே உயரம். மழைக்கு ஒதுங்கும் தனிமரமோ அதைவிட ஆபத்து. இடி கேட்டதும் வீட்டுக்குள் போய்விடுங்கள் என்று ஒற்றை வரியில் எழுதியிருக்கலாம். மழை எங்கே பெய்யும் என்பதையே நான் செய்தியாக எண்ணியிருந்தேன்.