ஜம்ப்பஃப்: திறக்கக் கூடாத பெட்டி

கம்ப்யூட்டர் பதிவுன்னா பாதிப் பேர் தலைப்பைப் பார்த்ததுமே ஓடிடறீங்கன்னு தெரியும். இந்த ஒரு தடவை கொஞ்சம் உட்காருங்க. ரெஜிஸ்டர்னா என்னன்னே தெரியாதவங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதறேன்.

எங்க செமஸ்டர் ப்ராஜெக்ட் ஒரு குட்டி த்ரெட் லைப்ரரி. ஒரே ப்ரோகிராமுக்குள்ள பல வேலைகளை மாத்தி மாத்தி ஓட்டணும். டீம்ல நாலு பேர். மூணு பேர்கிட்ட இன்டெல் லேப்டாப். நாலாவது ஆள்கிட்ட ஒரு ராஸ்பெர்ரி பை மட்டும்தான். அதுல இருக்கறது ஆர்ம் ப்ராசஸர். கோட் ரெண்டுலயும் ஓடலைன்னா அவன் பேர் ரிப்போர்ட்டுல இருக்கும், அவன் வேலை இருக்காது. அது எங்க யாருக்கும் பிடிக்கலை.

சரி, ஒரு த்ரெட்டை நிறுத்தி வைக்கறதுன்னா என்ன? தாயம் ஆடும்போது பாதியில எழுந்து போறோம்னு வைங்க. எந்தக் காய் எந்தக் கட்டத்துல, அடுத்து யார் முறைன்னு குறிச்சு வச்சா மறுநாள் விட்ட இடத்துலருந்து ஆடலாம். ப்ராசஸருக்கும் அதேதான். அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன் எது, ஸ்டாக் எங்க நிக்குது, ரெஜிஸ்டர்கள்ல என்ன இருக்கு, இதைக் குறிச்சு வச்சா போதும்.

சிக்கல் என்னன்னா, பலகையே வேற வேற! 64 பிட் இன்டெல்ல பொது ரெஜிஸ்டர் 16. 64 பிட் ஆர்ம்ல 31, ஸ்டாக் பாயின்டர் தனி. எல்லாப் பேரையும் ஒரு ஸ்ட்ரக்ச்சர்ல அடுக்கிடலாம்னுதான் முதல்ல தோணும். ஆனா புது ப்ராசஸர் வரும்போதெல்லாம் அந்த ஸ்ட்ரக்ச்சர் மாறும், அதை நம்பி எழுதின கோடும் உடையும்.

1989-ல வந்த சி மொழித் தரம் இதைக் கெட்டிக்காரத்தனமா சமாளிச்சது. ஜம்ப்பஃப் ஒரு அர்ரே, அவ்வளவுதான். உள்ள என்ன இருக்குன்னு தரம் சொல்லவே இல்லை. செட்ஜம்ப் அதுல சேமிக்கும், லாங்ஜம்ப் அங்கே திரும்பிப் போகும். 64 பிட் இன்டெல் லினக்ஸோட சி லைப்ரரியில உள்ள போற ரெஜிஸ்டர் மதிப்புகள் எட்டே எட்டுதான். செட்ஜம்ப்பும் ஒரு ஃபங்ஷன் கால் தானே? மீதியைக் கூப்பிட்டவங்களே பார்த்துக்கணும்ங்கறது ஒப்பந்தம். ஆர்ம்ல இந்தப் பட்டியல் இன்னும் நீளம். ஆனா நாம எழுதற வரி ஒண்ணேதான்.

இதுல ஒரு குறை: ஜம்ப்பஃப்பால புது ஸ்டாக்கை உருவாக்க முடியாது. சிலர் பெட்டியை உடைச்சு, உள்ள இருக்கற ஸ்டாக் முகவரியை மாத்திப் பார்த்தாங்க. இப்போ லினக்ஸ்ல அந்த முகவரியை ஒரு ரகசிய எண்ணோட கலந்துதான் வைக்கறாங்க. வெளியாள் கை வச்சு ப்ரோகிராமைக் கடத்திடக் கூடாதுல்ல!

மேக்கான்டெக்ஸ்ட்னு ஒரு நேர் வழியும் இருந்தது. ஆனா அதுல ஆர்குமென்ட் எல்லாம் இன்ட்டாத்தான் போகணும். 64 பிட் பாயின்டர் 32 பிட் இன்ட்டுல அடங்காது. ஆர்குமென்ட் கொடுக்கற விதமே சி தரத்தோட ஒத்துப்போகலைன்னு, 2001 போசிக்ஸ்ல இருந்ததை 2008-ல தூக்கிட்டாங்க. பெட்டி நல்லாத்தான் இருந்தது, வாசல்தான் கோணல்.

எங்களைக் காப்பாத்தினது ரால்ஃப் எங்கெல்ஷால் 2000-ல எழுதின கட்டுரை. நம்ம மெமரியை ஸ்டாக்கா வச்சு ஒரு சிக்னல் ஹேண்ட்லரை ஓட்டுன்னு கெர்னல்கிட்டயே கேட்கணும். ஹேண்ட்லருக்குள்ள செட்ஜம்ப் போட்டுட்டு வெளிய வந்துடணும். அப்புறம் தேவைப்படும்போது அங்கே குதிச்சா, புது ஸ்டாக் ரெடி! கறாரா பார்த்தா சி தரம் இதுக்கு உத்தரவாதம் தரலை. ஆனா அந்த போர்டுல எங்க கோட் ஒரு வரிகூட மாறாம ஓடுச்சு. ஷெட்யூலர் முழுக்க அவன் எழுதினது. கோட் முழுக்கத் தேடினாலும் ஒரு ரெஜிஸ்டர் பேர் கிடையாது.

எல்லா மெஷினையும் தெரிஞ்சவன்தான் எல்லாத்துலயும் ஓடற கோட் எழுத முடியும்னு நினைப்போம். எதை எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கிட்டா, தெரியாதவங்களும் எழுதலாம். நீங்க எழுதற லைப்ரரியில எந்தப் பெட்டியைப் பூட்டி வைப்பீங்க? யோசிச்சுப் பாருங்க :-)