நாலு வருடம் மறைத்த சங்கதி

மூன்று மாதமாக நான் ஒன்றும் எழுதவில்லை. "பிரான்சுக்குத் தம்பி வீட்டுக்குப் போயிட்டீங்களா?" என்று சிலர் போன் செய்து கேட்டார்கள். "உடம்பு கொஞ்சம் சரியில்லை" என்று மட்டும் சொல்லி வைத்தேன். உண்மை என்னவென்றால், போன பிப்ரவரியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கு வயது 73.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எழுதுவதா வேண்டாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "நாலு பொம்பளைக்கு உபயோகமா இருக்கும்னா எழுது" என்றார். ஆண்கள் யாரும் இதோடு நிறுத்திவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இதைச் சொல்லாமல் வைத்திருக்கலாம்.

இது ஆரம்பித்தது 2020-ல், ஊரடங்கு சமயத்தில். வேலைக்காரப் பெண் வர முடியாது. கிணற்றடியில் துணி துவைத்து, வாளியோடு மாடிக்குத் தூக்கிப் போய்க் காயப் போடுவேன். ஒரு நாள் சாயங்காலம் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. சின்ன எலுமிச்சம்பழம் அளவு, மெத்தென்று ஒரு சதை. வலி இல்லை. காலையில் பார்த்தால் இல்லை, உள்ளே போய்விட்டது. சாயங்காலம் மறுபடியும் வந்தது.

எனக்குத் தெரியாமல் இல்லை. என் பாட்டிக்கு இது இருந்தது. அவர் எப்போதும் ஒரு பழைய துணியை இறுக்கிக் கட்டியிருப்பார். ஏன் என்று கேட்டால் அம்மா என்னை அதட்டுவார். அதே துணியை இப்போது நான் கட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு முதலில் கொரோனா ஒரு சாக்கு. அது முடிந்ததும் வேறு வேறு சாக்குகள். ஒரே ஒரு முறை போனேன். என் பேரன் வயதில் ஒரு டாக்டர், பக்கத்தில் நாலைந்து மாணவர்கள். "என்னம்மா பண்ணுது?" என்றார். "முதுகு வலி" என்றேன். முதுகுக்கு மாத்திரையும் தைலமும் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக என் வாழ்க்கை சுருங்கியது. நின்றால் அடிவயிறு கீழே இழுக்கும். சிறுநீர் அடிக்கடி வரும், போனால் முழுசாகப் போகாது. பஸ் பயணம் நின்றது. விழுப்புரத்தில் நடந்த இரண்டு கல்யாணத்துக்கும் மொய் மட்டும் போயிற்று. பத்து வருடமாக விடாமல் போன கடற்கரை நடை, காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை, அதுவும் நின்றது. கூட நடக்கும் தோழிகளிடம் "முழங்கால்" என்று சொல்லி வைத்தேன். நாலு வருடத்தில் என் உடம்பில் பொய் சொல்லாத இடமே பாக்கி இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த மறு வருடம் என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆட்சி மாறினாலும் எங்களுக்குப் படிப்பு பிரெஞ்சில்தான். அந்தப் படிப்பால்தான் 1972-ல் எனக்கு அரசாங்க வேலையும் கிடைத்தது. பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளைப் படித்து நகல் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. 38 வருடம் அந்தப் பதிவேடுகளோடுதான் இருந்தேன். எத்தனை ஆயிரம் பிறப்புகளை எழுதியிருப்பேன்! குழந்தை பிறந்த தேதி, மணி, தகப்பன் பெயர், தொழில், சாட்சிகளின் கையெழுத்து, எல்லாம் அதில் உண்டு. பிள்ளை பெற்றவளின் உடம்பு என்ன ஆயிற்று என்று எழுத அதில் இடம் கிடையாது. நாங்களும் கேட்டதில்லை.

என் தம்பி மனைவி பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கிறாள். 2023 தீபாவளிக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். தனக்கு 'தெசாந்த் தொர்கான்' ஆரம்பம் என்றும், பயிற்சிக்குப் போவதாகவும், சளி பிடித்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். உறுப்புகள் கீழே இறங்குவது என்று அதற்கு அர்த்தம். "எனக்கும் அதுதான்" என்று என் வாயிலிருந்து பிரெஞ்சில் வந்துவிட்டது. மூன்றரை வருடத்தில் முதல் தடவை! அந்நிய பாஷையில் சொன்னபோது யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"அண்ணி, இங்கே பிள்ளை பெத்தவுடனே இடுப்படித் தசைக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்துடறாங்க. அதுக்குன்னே ஆள் இருக்காங்க, அரசாங்கமே செலவு கொடுக்குது. நீங்க ஏன் இப்படி மறைச்சு வச்சிருக்கீங்க? உடனே போய்க் காட்டுங்க" என்று திட்டினாள். சரி சரி என்றேன். போகவில்லை.

போக வைத்தது ரத்தம். டிசம்பரில் ஒரு காலை உள்பாவாடையில் ஒரு கறை. மாதவிடாய் நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு ரத்தம் வந்தால் என்ன என்று பயப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று ராத்திரி தூங்கவில்லை. காலையில் மகளிடம் சொன்னேன். அவள் கோபப்பட்டாள், பிறகு அழுதாள், பிறகு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

இந்த முறை முதுகு வலி என்று சொல்லிவிடக் கூடாது என்று ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போனேன். பழக்க தோஷம், 'பொருள்' என்று தலைப்புப் போட்டு, பத்தி எண் கொடுத்து எழுதியிருக்கிறேன்! பெண் டாக்டர் அதை முழுசாகப் படித்தார். "மனு ரொம்ப நல்லா இருக்கும்மா. எல்லாரும் இப்படி எழுதிக்கிட்டு வந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்" என்று சிரித்தார். என் கூச்சம் பாதி அங்கேயே போயிற்று.

பரிசோதனை செய்துவிட்டு நிதானமாக விளக்கினார். கர்ப்பப்பையைத் தாங்கும் தசையும் நாண்களும் பிரசவத்தில் தளர்ந்து போகும். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் குறைவதால் இன்னும் மெலியும். அதோடு மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், பாரம் தூக்குவது எல்லாம் சேர்ந்து பையைக் கீழே தள்ளும். வெளியே வந்த சதை துணியில் உரசிப் புண்ணாகி, அதிலிருந்துதான் ரத்தம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் இந்த வயதில் அப்படி நினைத்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது என்று ஸ்கேன் எடுத்து, சதையில் துளி எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார்.

முடிவு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரம்தான் எனக்கு ஆபரேஷனை விடப் பெரிது. என் பென்ஷன் புத்தகம், வங்கிக் கணக்கு, நகை எல்லாம் எங்கே இருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். என்னை அறுத்த கேள்வி ஒன்றுதான். இது புற்றுநோயாக இருந்தால், நான் வெட்கப்பட்ட நாலு வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்? எட்டாம் நாள் போன் வந்தது. புற்றுநோய் இல்லை.

அடுத்து என்ன செய்வது? ரப்பர் வளையம் வைக்கலாம், சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்துக் கழுவி மாற்ற வேண்டும். அல்லது அறுவை சிகிச்சை. சிலருக்கு வளையமே போதும் என்றார் டாக்டர். எனக்கு இறக்கம் அதிகம், புண்ணும் இருந்தது. அறுவை சிகிச்சை என்று முடிவு செய்தேன். "எழுபத்து மூணு வயசுல கத்தியா?" என்று மகன் பயந்தான். "வயசைப் பார்த்து மட்டும் சொல்ல மாட்டோம். இதயம், சர்க்கரை, பிரஷர் எப்படி இருக்குன்னு பார்த்துத்தான் சொல்வோம்" என்றார் டாக்டர்.

முதலில் புண் ஆற வேண்டும். தினம் மருந்து வைத்து மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் ரத்தம், ஈ.சி.ஜி., எக்கோ, மார்பு எக்ஸ்ரே, மயக்க மருந்து டாக்டரின் சம்மதம். எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, ஓட்டை போட்டு நூல் கட்டி ஒரு பைல் செய்தேன். நர்சுகள் அதை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க நான் சாப்பிடும் மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று டாக்டரே சொன்னார். நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது.

வீட்டிலும் வேலை இருந்தது. குந்தி உட்காரும் கழிப்பறையை மாற்றி உட்காரும் பீங்கான் வைத்தோம். பரணிலும் கீழ்த் தட்டிலும் இருந்த பாத்திரங்களை இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வந்தோம். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாகக் குக்கர் வைக்கக் கற்றுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் பாகூர்ப் பக்கம் ஒரு அம்மாள், நடவு வேலை செய்கிறவர், என்னை விட நாலைந்து வயது குறைவு. வந்து உட்கார்ந்ததும், "உனக்கும் அடி தள்ளிடுச்சாக்கா?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். "எனக்குப் பன்னெண்டு வருசமா இருக்கு. இதோடயே நடவு நட்டேன். இதுல என்னக்கா ரகசியம், எல்லாரும் வந்த வழிதானே!" என்றார். இத்தனை வருடம் நான் பிரெஞ்சில் தேடிய வார்த்தையை அவர் தமிழில் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டார்கள். கால் இரண்டும் இல்லாததுபோல மரத்தது. நினைவு இருந்தது, வலி இல்லை. வயிற்றைக் கிழிக்கவில்லை, கீழ் வழியாகவே எடுத்து, தளர்ந்த சுவரையும் சேர்த்துத் தைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் "வயித்துல தையல் இல்லையா? அப்போ சின்ன ஆபரேஷன்தான்" என்றார்கள். வெளியே தையல் தெரியாததால் சின்னது ஆகிவிடாது. உள்ளே காயம் காயம்தான்.

மறுநாள் உள்ளே வைத்திருந்த துணியை எடுத்தார்கள், பிறகு சிறுநீர்க் குழாயையும் எடுத்தார்கள். அன்றே பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். படுத்தே இருந்தால் காலில் ரத்தம் கட்டும் என்பதால் அது முக்கியம். எனக்குப் பெரிய பயம் முதல் முறை மலம் கழிப்பதுதான். முக்கக் கூடாது. மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பப்பாளி, கீரை, நிறையத் தண்ணீர்.

மூன்றாம் வாரம் ஒரு தப்பு செய்தேன். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அரை வாளித் தண்ணீரைத் தூக்கினேன். சாயங்காலம் ரத்தம் பட்டது. நல்ல வேளை, தையல் விடவில்லை. இரண்டு நாள் படுக்கையும் மகளிடம் வசவும்தான் கிடைத்தது. எனக்குச் சொன்ன கணக்கு மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்பது. தண்ணீர்க் குடம், மாவுப் பாத்திரம், கொள்ளுப் பேத்தி எல்லாமே பாரம்தான்.

"இந்த வயசுல அது எதுக்கு, போனாப் போகுது" என்று ஆறுதல் சொன்னவர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஐந்தாம் நாள் ராத்திரி காரணம் தெரியாமல் அழுகை வந்தது. எனக்கு அந்தப் பையில் இருந்தது மூன்று குழந்தைகள். நடுவில் 1979-ல் ஒன்று உயிரில்லாமல் பிறந்தது. அந்தப் பதிவை என்னிடம் விடாமல் பக்கத்து மேசைக்காரர் தானே எழுதி முடித்தார். பிரெஞ்சுப் பதிவேட்டில் அப்படிப்பட்டதை 'ஆன்ஃபான் சான் வீ', உயிரற்ற குழந்தை, என்று எழுதுவார்கள். பெயர் வைத்தது இல்லை. அது இருந்த இடம் என்று ஒன்று இதுவரை என்னிடம் இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றார். நாற்பத்தைந்து வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

இப்போது மூன்று மாதம் முடிந்துவிட்டது. போன வாரம் மறுபடி கடற்கரைக்குப் போனேன். விடிகாலையில் வண்டிகள் விடமாட்டார்கள், நிம்மதியாக நடக்கலாம். தோழிகள் முழங்காலை விசாரித்தார்கள். "முழங்கால் இல்லடி, அடி தள்ளிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்றேன். ஐந்து பேரில் யாரும் பேசவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு ஒருத்தி என் கையைப் பிடித்து, "எந்த டாக்டர்கிட்டே போனே?" என்று மெதுவாகக் கேட்டாள். திரும்பும்போது இன்னொருத்தியும் கேட்டாள்.

ஆகவே என் வயதுப் பெண்களுக்குச் சொல்கிறேன். கீழே கனமாக இழுத்தாலோ, சதை தட்டுப்பட்டாலோ, சிறுநீர் முழுசாகப் போகாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அன்றே காட்டுங்கள். எல்லோருக்கும் ஆபரேஷன்தான் என்று இல்லை. ஆரம்பத்திலேயே போனால் பயிற்சியும் வளையமுமே போதுமாக இருக்கலாம். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் தாளில் எழுதி நீட்டுங்கள். அந்த மனுவை எந்த டாக்டரும் தள்ளுபடி செய்ய மாட்டார்.