பென்சில் பெட்டியில் ஒரு டயர்

மோட்டார் சைக்கிள் டயர்களை ஒப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி அட்டவணைதான் போடுகிறார்கள். தேய்மானத்துக்கு ஒரு கட்டம், கிரிப்புக்கு ஒரு கட்டம், சத்தத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் பத்துக்கு இத்தனை. கணக்கில் எட்டும் வரலாற்றில் ஆறும் வாங்கிய பையனின் மார்க் ஷீட் மாதிரி. ‘ஸ்போர்ட்-டூரிங்’ ரகத்துக்கு வரும்போது இந்த அட்டவணையில் ஏக்கமும் சேர்ந்துகொள்கிறது. முன்னால் 120/70, பின்னால் 180/55, 17 அங்குல ரிம் என்று அளவு சொல்லிக் கேட்கும் ஆளுக்கு, வளைவில் பந்தயக்காரனைப் போல வண்டியைச் சாய்க்கவும் வேண்டும், நாலு மாநிலம் சுற்றி வந்த பிறகும் டயர் மிச்சமிருக்கவும் வேண்டும், போதாததற்கு அது வாயையும் திறக்கக் கூடாது. கை நிறையச் சம்பாதிக்க வேண்டும், எந்நேரமும் வீட்டிலேயே இருக்க வேண்டும், குரலே உயரக் கூடாது என்று மாப்பிள்ளை தேடுகிறவர்களும் உலகத்தில் உண்டு. ஆசையில் தப்பில்லை. என் வழக்கு அட்டவணையோடுதான். அவை மூன்று பாடங்களே அல்ல. ஒரே செலவு மூன்று நோட்டுகளில் எழுதப்பட்டிருக்கிறது என்பது என் கட்சி.

இதற்குச் சாட்சி, டயர் பிறப்பதற்கு முன்பே இருக்கிறது. ஆக்ஸிஜன் ஆராய்ச்சியால் பெயர்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, 1770இல் வேதியியலோடு ஒட்டே இல்லாத ஒரு புத்தகம் வெளியிட்டார். தூரத்தையும் ஆழத்தையும் தாளில் எப்படி வரைந்து காட்டுவது என்பது அதன் விஷயம். வரைகிறவர்களுக்கு உதவட்டும் என்று அதில் ஒரு தகவலைச் சேர்த்திருந்தார். பென்சில் கோட்டைத் தாளிலிருந்து துடைத்தெடுக்க அருமையான ஒரு பொருளைக் கண்டதாகவும், லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே கருவிகள் செய்து விற்கும் நெய்ர்ன் என்பவரிடம் அது கிடைக்கும் என்றும், அரை அங்குலக் கனசதுரத் துண்டு 3 ஷில்லிங் என்றும், அது பல ஆண்டுகள் வரும் என்று நெய்ர்ன் சொல்வதாகவும். என்ன செய்யும், எங்கே கிடைக்கும், என்ன விலை, எத்தனை நாள் வரும்: 250 ஆண்டுகளுக்குப் பிறகு டயர் வாங்குகிறவர் கேட்பதும் இதே நாலு கேள்விதான். அதுவரை ரொட்டித் துணுக்கால் கோடழித்துக்கொண்டிருந்த ஊர் அது. தேய்ப்பது என்ற வேலையிலிருந்துதான் ஆங்கிலத்தில் அந்தப் பொருளுக்குப் பெயரே வந்தது. நம் பிள்ளைகளும் பாடப்புத்தகத்தில் ‘அழிப்பான்’ என்று படித்துவிட்டு, பக்கத்துப் பெஞ்சில் ‘ரப்பர் குடு’ என்றுதான் கேட்கிறார்கள். தேய்ப்பதற்கென்றே பெயர் வாங்கிய பொருள் தேய்கிறதே என்று மனிதர்கள் அங்கலாய்ப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அந்தப் பக்கத்துப் பெஞ்சின் பென்சில் பெட்டியில் இரண்டு ரப்பர் இருக்கும். ஒன்று வெள்ளையாக, மெதுவாக, விரலால் அழுத்தினால் குழியும். கோட்டின் மேல் இரண்டு இழுப்பு இழுத்தால் கோடு போயே போய்விடும். தாளில் சுருள்சுருளாகத் துகள் கிடக்கும். மாதக் கடைசிக்குள் ரப்பர் கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிடும். இன்னொன்று போன வருஷத்தது, வெயிலிலும் காற்றிலும் இறுகிப் போனது. அதற்குச் சாவே கிடையாது. ஆனால் தேய்த்தால் கீச்சென்று கத்தும், கோட்டைக் கறுப்புத் தடமாக இழுகும், விடாமல் அழுத்தினால் தாளைக் கிழிக்கும். நன்றாகப் பிடிப்பது தேய்கிறது, தேயாதது பிடிப்பதில்லை, பிடித்தும் பிடிக்காமலும் விட்டுவிட்டு நகர்வது சத்தமிடுகிறது. டயர்க்காரர்களின் மூன்று கட்டங்களும் இந்தச் சின்னத் தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன.

உவமை நிரூபணம் ஆகாது என்று ஒருவர் சொல்லலாம், சரிதான். அப்படியானால் ரோட்டுக்கே போவோம். தார் ரோட்டில் ஜல்லிக்கல்லின் முனைகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ரப்பர் அதன்மேல் அழுந்தும்போது குழிகிறது; முனையைத் தாண்டியதும் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வதும் உண்டு என்றாலும், ஈர ரோட்டில் கிரிப்பின் பெரும்பங்கு இந்தத் தாமதம்தான். உடனுக்குடன் திரும்பும் ரப்பர் துள்ளும் பந்துக்கு லாயக்கு. கீழே போட்டால் தொப்பென்று விழுந்து கிடக்கும் சோம்பேறி ரப்பர்தான் மழையில் நம்பத் தகுந்தது. திருப்பித் தராமல் அது வைத்துக்கொள்ளும் சக்தி சூடாகப் போகிறது. வழுக்கலைப் பற்றி அடால்ஃப் ஷல்லாமாக் 1971இல் காட்டியது இன்னும் விநோதம். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய நாட்டின் ரப்பர் உற்பத்தியாளர்களுக்காக இங்கிலாந்தில் நடந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். மெதுவான ரப்பரை வழுவழுப்பான பரப்பின் மேல் நகர்த்தினால் அது மொத்தமாக வழுக்குவதில்லை. பாயில் விழுந்த மடிப்பு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்வதைப் போல, சின்னச் சின்ன மடிப்புகள் ஓடி அதை நகர்த்துகின்றன. ஒட்டுவதும் விடுவதும் மாறி மாறி நடக்கிறது. தேயும் ரப்பரில், வழுக்கும் திசைக்குக் குறுக்கே வரிவரியாக மேடுகள் எழுவதையும் விரிவாக ஆராய்ந்தவர் அவர்தான். பிடியையும் தேய்வையும் ஒரே மனிதர் துருவ நேர்ந்தது தற்செயல் அல்ல. ஒன்றின் வாலைப் பிடித்தால் மற்றது கையோடு வருகிறது.

சத்தம் இந்தக் குடும்பத்தில் கடைக்குட்டி, அதனால் அதை யாரும் மதிப்பதில்லை. உண்மையில் அதுதான் மூத்தது. காற்றடைத்த சக்கரத்துக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் டன்லப் அல்ல. 1845இல், 23 வயதில், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வாங்கிவிட்டார். ரப்பர் பூசிய துணிக்குழாய், அதற்கு மேல் தோல் உறை. எதற்காக இந்தச் சக்கரம் என்பதற்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று: வண்டியை இழுக்கும் சிரமம் குறையும், ஓட்டம் சுகமாகும், சத்தம் குறையும். ஒரு செட் சக்கரம் 1,200 மைல் ஓடியதாகவும் பதிவு இருக்கிறது. ஆக ஆயுள் உண்டு, அமைதி உண்டு. கிரிப் மட்டும் பட்டியலிலேயே இல்லை. ஏன் இருக்க வேண்டும்? தரையைப் பிடிப்பது குதிரையின் வேலை. சக்கரம் சும்மா உருண்டால் போதும். சக்கரத்தையே குதிரையாக்கி, உதைத்துத் தள்ளவும் இழுத்து நிறுத்தவும் சாய்ந்து திரும்பவும் அதனிடமே கேட்கத் தொடங்கியபோதுதான், அதுவரை சாதுவாக உருண்டுகொண்டிருந்த ரப்பர் தன்னைத் தின்னக் கொடுக்கத் தொடங்கியது. குதிரை லாடம் தேய்த்த கணக்கு டயரின் பற்றில் ஏறியது.

டயர்க் கம்பெனிகள் இந்தப் பேரத்தை எப்போதோ முறியடித்துவிட்டன என்பது வலுவான மறுப்பு. மிஷெலினின் பைலட் ரோடு 2 போன்றவற்றில் நடுவில் கடின ரப்பர், ஓரங்களில் மெது ரப்பர். நேர்ச்சாலையில் நடு தேயும். சாயும்போது ஓரம் பிடிக்கும். 2018இல் வந்த ரோடு 5இல், மேலே மெல்லிய கீற்றாகத் தெரியும் வெட்டுகள் உள்ளே போகப் போக அகலமாகும். டயர் தேயத் தேய நீர் வடிய வழி கூடும். பிரெல்லியின் ஏஞ்சல் எஸ்டி புதிதாக இருக்கும்போது பள்ளங்களில் தேவதை உருவம் தெரியும். 1,000 கிலோமீட்டர் வாக்கில் தேய்ந்ததும் அதே இடத்தில் சாத்தான் எட்டிப்பார்க்கும். இவை எல்லாவற்றுக்கும் மேல் சிலிக்கா: ஜல்லிமுனையின் வேகமான சிறு குழிவுக்குச் சோம்பலாகவும், சக்கரம் உருளும் மெதுவான பெரு வளைவுக்குச் சுறுசுறுப்பாகவும் ரப்பரை நடக்கச் செய்யும் கலவை. இது நிஜமான முன்னேற்றம், மறுப்பது அழும்பு. ஆனால் நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும். விலை இறங்கியிருக்கிறது, இலவசமாகவில்லை. நடுவையும் ஓரத்தையும் பிரித்தவர், எங்கே செலவழிப்பது என்று தீர்மானித்தார், செலவை ஒழிக்கவில்லை. அந்தத் தேவதையும் சாத்தானும் இதை ஒப்புக்கொள்ளும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. தேய்வை மறைக்காமல் அதையே தூரிகையாக்கி வரைந்திருக்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு, சத்தம் கிரிப்பைச் சேர்ந்ததே அல்ல, பள்ளங்களின் வடிவத்தைச் சேர்ந்தது என்பது. புது டயரைப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளத்தில் சிக்கிய காற்று பிதுங்குவதும், ரப்பர்க் கட்டை ரோட்டில் அறைவதும் வடிவத்தின் விளையாட்டு. ஆனால் வண்டிக்காரர்கள் குறைப்படுவது அந்தச் சத்தத்தைப் பற்றி அல்லவே. சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு முன் டயரில் தொடங்கும் ரீங்காரத்தைப் பற்றி. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன் டயரின் ஒவ்வொரு பட்டனும் ஒரே பக்கமாக வளைந்து, ஒரு விளிம்பு மட்டும் உரசித் தேய்கிறது. அப்படித் தேய்ந்த டயரைத் தடவிப் பார்த்தால் போதும். மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும்; வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் நெருடும். அப்படித்தான் இருக்கும். வண்டியைச் சாய்க்கும்போது அந்தச் செதில்கள் வரிசையாக ரோட்டில் தட்டி முனகுகின்றன. இது பிரேக் பிடித்த கணக்கு, அதாவது கிரிப் செலவான கணக்கு, காதில் வாசிக்கப்படுவது. ஹெல்மெட்டுக்குள் காற்று இரைவதில் டயரின் முனகல் எங்கே கேட்கும் என்றும் கேட்பார்கள். நெடுஞ்சாலையில் கேட்காதுதான். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் காற்றுக்கு வேகம் ஏது? அங்கேதான் வண்டி சாய்கிறது, அங்கேதான் டயர் பேசுகிறது. காதுக்கு எட்டாவிட்டால் ஹேண்டில்பார் வழியே உள்ளங்கைக்கு எட்டும்.

இந்த மூன்றையும் அளந்து அச்சடித்துத் தரச் சட்டம் வழி செய்திருக்கிறதா என்றால், மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. ஐரோப்பாவில் டயர் மேல் ஒட்டும் முத்திரையில் ஈரப்பிடிக்கு ஓர் எழுத்தும் சத்தத்துக்கு டெசிபல் எண்ணும் உண்டு. ஆனால் அது கார், வேன், லாரி டயர்களுக்குத்தான். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்துச் சான் ஆஞ்சலோ பக்கம் 400 மைல் சுற்றில் 7,200 மைல் ஓட்டிப் பார்த்துத் தேய்மானத்துக்கு எண் கொடுக்கிறார்கள். அதுவும் கார் டயருக்கே. எனவே இரு சக்கரக்காரர்கள் ஒருவர் வாயை ஒருவர் நம்பி வாழ்கிறார்கள். ஒரே டயர் ஒருவருக்கு எட்டாயிரம் வந்தது, இன்னொருவருக்குப் பதினாறாயிரம் வந்தது என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. காற்றழுத்தம், பின்னால் ஏறிய பாரம், ஜல்லியின் கூர்மை, வலது மணிக்கட்டின் பொறுமை எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. எங்கே தேய்ந்தது, நடுவிலா ஓரத்திலா, எப்போது முனகத் தொடங்கியது என்றும் சேர்த்துக் கேட்டால், டயரைப் பற்றியும் ஓட்டியவரைப் பற்றியும் ஒரே பதிலில் தெரிந்துவிடும்.

நெய்ர்ன் சொன்னது நினைவுக்கு வருகிறது: பல ஆண்டுகள் வரும். அரை அங்குலத் துண்டை 3 ஷில்லிங்குக்கு விற்கிறவர் வேறென்ன சொல்வார்? எத்தனை ஆண்டு என்பது ரப்பரைப் பொறுத்தது மட்டுமல்ல. வாங்குகிறவர் எத்தனை கோட்டைத் தப்பாகப் போடுவார் என்பதையும் பொறுத்தது. அதை மட்டும் கடைக்காரர் முன்கூட்டிச் சொல்ல முடியாது.