புரோட்டீன் பவுடர்: டப்பாவின் கணக்கு

ஜிம்முக்குப் போகிறவர்கள் வாங்கும் புரோட்டீன் பவுடரில் பெரும்பகுதி சீஸ் ஆலையின் கழிவாக இருந்த ஒரு பொருள். பாலைத் திரித்து சீஸ் எடுத்தபின் வெளிறிய மஞ்சளில் தெளிந்து நிற்கும் தண்ணீர்தான் வே. பத்து லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சீஸ் கிடைக்கும். மிச்சம் ஒன்பது லிட்டரும் இந்தத் தண்ணீர். மேலைநாடுகளில் நெடுங்காலம் இதைப் பன்றிக்கு ஊற்றினார்கள், வயலில் விட்டார்கள், ஆற்றில் கலந்தார்கள். நுண்சவ்வு வழியாக வடிகட்டும் முறை வந்தபிறகு, அதில் ஒரு சதவீதம்கூட இல்லாத புரதத்தைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியானது. ஒரு கிலோ பவுடருக்கு நூறு லிட்டருக்கு மேல் வே தேவை. வீட்டில் பனீர் எடுத்த தண்ணீரைக் குடித்தால் அதே பலன் கிடைக்குமா என்றால், பெரிதாகக் கிடைக்காது. பால் நன்றாகக் காய்ந்தபிறகு எலுமிச்சை பிழிவதால் வே புரதத்தில் பெரும்பங்கு பனீரோடு சேர்ந்து திரண்டுவிடுகிறது. பனீருக்கு நல்லது, தண்ணீருக்கு நஷ்டம்.

ஆக, டப்பாவுக்குள் இருப்பது மருந்தல்ல, மந்திரமும் அல்ல. தண்ணீரும் சர்க்கரையும் கொழுப்பும் பெரும்பாலும் நீக்கப்பட்ட வே. உணவை எடைபோடும் முறையிலேயே இதையும் எடைபோட வேண்டும். முதல் கேள்வி எந்த பிராண்ட் என்பதல்ல, தட்டில் எவ்வளவு குறைகிறது என்பது.

உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் சாதாரண மனிதருக்குச் சொல்லும் அளவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஐம்பது கிராம். எடை தூக்கித் தசை வளர்க்க நினைப்பவருக்கு இது போதாது. 2018-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, கிலோவுக்கு சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் தசையில் கூடுதல் பலன் தெரியவில்லை என்று கண்டது. அதே அறுபது கிலோக்காரருக்கு அது 96 கிராம். ஜிம்மில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படும் 'கிலோவுக்கு மூன்று கிராம்' என்ற கணக்கு பவுடர் விற்பவருக்குத்தான் லாபம்.

இனி தட்டைப் பார்க்கலாம். காலையில் நாலு இட்லியும் சாம்பாரும் பத்துப் பன்னிரண்டு கிராம். மதியம் சோறு, குழம்பு, பொரியல், ஒரு கிண்ணம் தயிர் என்றால் பதினைந்து. மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் எட்டு அல்லது பத்து. இரவு மூன்று சப்பாத்தியும் குருமாவும் இன்னொரு பன்னிரண்டு. கூட்டினால் ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உடற்பயிற்சி செய்யாதவருக்கு இது சரியாக இருக்கிறது. செய்பவருக்கு நாற்பத்தைந்து கிராம் பாக்கி. அசைவம் சாப்பிடுபவர் இரண்டு முட்டையும் நூறு கிராம் சமைத்த கோழி நெஞ்சுக்கறியும் சேர்த்துக்கொண்டால் பாக்கி அநேகமாகத் தீர்ந்துவிடும். சைவக்காரர்களுக்குத்தான் கணக்கு இடிக்கும். நூறு கிராம் பனீரில் பதினெட்டு கிராம் புரதம் உண்டு, கூடவே இருபது கிராமுக்கு மேல் கொழுப்பும் வரும். வேர்க்கடலையில் புரதத்தைப்போல் இரு மடங்கு கொழுப்பு. சோயா உருண்டை விதிவிலக்கு: உலர்ந்த நிலையில் பாதிக்குப் பாதி புரதம், விலையும் மலிவு. ஆனால் தினமும் அதைத் தின்ன நாக்கு ஒத்துழைக்க வேண்டும். பவுடரின் உண்மையான வசதி இங்கேதான் இருக்கிறது. அடுப்பு மூட்டாமல், கொழுப்பு ஏறாமல், இருபத்துநாலு கிராம் புரதம் இரண்டு நிமிடத்தில் வயிற்றுக்குள் போய்விடும்.

டப்பாவின் முகப்பில் தங்க எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். 'ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம்' என்பது பாதிச் செய்தி. அந்த ஸ்கூப் எத்தனை கிராம் என்பது மீதி. முப்பது கிராம் ஸ்கூப்பில் 24 என்றால் 80 சதவீதம். நாற்பத்தெட்டு கிராம் ஸ்கூப்பில் 24 என்றால் பாதி வேறு ஏதோ. கான்சென்ட்ரேட் என்று விற்பதில் நல்ல ரகம் 80 சதவீதம் வரை புரதம் கொண்டது, கொஞ்சம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் இருக்கும். ஐசோலேட் 90 சதவீதம் அல்லது அதற்கு மேல். லாக்டோஸ் மிகக் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்பி, பொருமுகிறவர்களுக்கு ஐசோலேட்டின் கூடுதல் விலை நியாயம். மற்றவர்களுக்குத் தேவையில்லை. ஹைட்ரோலைசேட் என்ற மூன்றாவது ரகம் முன்கூட்டியே துண்டாக்கப்பட்ட புரதம். விலையும் கசப்பும் அதிகம், சாதாரணப் பயிற்சிக்காரருக்கு அதனால் தனி லாபம் இல்லை. மாஸ் கெயினர் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியில் கொஞ்சம் புரதம் தூவியது. ஒல்லியான பையன்கள் அதிகம் ஏமாறும் சரக்கு இது. அந்தக் காசுக்கு வாழைப்பழமும் பாலும் வேர்க்கடலை உருண்டையும் மாதக்கணக்கில் வாங்கலாம்.

விலையை டப்பாவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு கிலோ 2,400 ரூபாய், 80 சதவீதம் புரதம் என்றால் கிராமுக்கு மூன்று ரூபாய். 1,800 ரூபாய்க்கு மலிவாகத் தெரியும் இன்னொரு டப்பாவில் 50 சதவீதம்தான் என்றால் கிராமுக்கு 3 ரூபாய் 60 காசு. ஆறு கிராம் புரதமுள்ள ஒரு முட்டையில் கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான் ஆகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதிப் பார்ப்பது நல்லது.

அச்சிட்ட எண்ணை நம்பலாமா என்பது அடுத்த சிக்கல். இதன் வேர் 1883-ல் இருக்கிறது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் கண்டுபிடித்த முறை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொருளைக் கந்தக அமிலத்தில் வேகவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கி, இவ்வளவு புரதம் என்கிறது. நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. 2008-ல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து இந்தச் சோதனையை ஏமாற்றினார்கள். மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன. பவுடர் வியாபாரத்தில் நடப்பது அந்த அளவு கொடுமையல்ல. மலிவான கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்களைக் கலந்து நைட்ரஜனை ஏற்றிவிடுகிறார்கள். விஷமில்லை, ஆனால் கொடுத்த காசுக்குச் சரக்கில்லை. பிடிக்க ஒரு வழி உண்டு. நல்ல நிறுவனங்கள் அமினோ அமிலப் பட்டியலைத் தனியாக அச்சிடும். வே புரதத்தில் பத்தில் ஒரு பங்கு லூசின். 24 கிராமுக்கு இரண்டரை கிராம் அளவில் இருக்க வேண்டும். அது ஒன்றரைக்கு இறங்கி, இயல்பில் அரை கிராமைத் தாண்டாத கிளைசின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தால் டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களை ஆராய்ந்து, கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் உள்ளிட்ட குழு 2024-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏறத்தாழ பத்தில் ஏழு டப்பாக்களில் புரத அளவு அச்சிட்டபடி இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்ப்பது அடிப்படை, ஆனால் அந்த எண் உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் அல்ல. அந்தந்த பேட்சை வெளி ஆய்வகத்தில் சோதித்த அறிக்கையை வெளியிடும் நிறுவனத்திடம் வாங்குவது மேல். டிரெய்னர் கைகாட்டும் டப்பாவில் அவருக்குக் கமிஷன் இருக்கலாம், கேட்டுவிடுவதில் தவறில்லை. போட்டிகளில் இறங்கும் வீரர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பவுடரில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், தெரியாமல் குடித்தேன் என்பது முழு விடுதலை தராது. அவர்களுக்கென்றே இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற தனிச் சான்றுகள் இருக்கின்றன.

பாலே வேண்டாம் என்பவர்களுக்குப் பட்டாணிப் புரதம், அரிசிப் புரதம் உண்டு. பட்டாணியில் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் குறைவு, அரிசியில் லைசின் குறைவு. அதனால் இரண்டையும் கலந்து விற்கிறார்கள். பருப்புச்சோற்றின் சூத்திரமும் இதுவே.

குடிக்கும் முறையில் சடங்குகள் அதிகம். உடற்பயிற்சி முடிந்து அரை மணிக்குள் குடிக்காவிட்டால் பலன் போய்விடும் என்று ஷேக்கரைக் குலுக்கிக்கொண்டே ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். நாள் முழுக்கச் சேரும் மொத்த அளவுதான் முக்கியம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நேரம் அவ்வளவு பெரிய விஷயமல்ல. மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, வேளைக்கு இருபது முதல் நாற்பது கிராம் என்று வந்தால் போதும். கொதிக்கும் பாலில் போட்டால் கட்டி தட்டிவிடும். சத்து போகாது, குடிக்க முடியாது, அவ்வளவுதான். எடை தூக்காதவர் குடித்தால் தசை வளராது. வெறும் கலோரியாகச் சேரும்.

'பவுடர் குடித்தால் கிட்னி போய்விடும்' என்பது வீடுகளில் அடிக்கடி கேட்கும் பயம். மேலே சொன்ன அளவுப் புரதம் ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் இருந்தால் கதை வேறு. அதிகப் புரதம் அதன் சுமையைக் கூட்டும். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் பரவலாக உள்ள ஊரில், சிறுநீரகம் பாதிக்கப்பட்டது தெரியாமலே நடமாடுகிறவர்கள் நிறைய. அந்த இரண்டில் ஒன்று உள்ளவரும் நாற்பதைத் தாண்டியவரும் டப்பா வாங்குமுன் கிரியேட்டினின் அளவையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது முந்நூறு நானூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. 2024-ல் ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, உடம்பை ஏற்றப் புரதச் சப்ளிமெண்ட்டுகளைத் தவிர்க்கச் சொன்னது. சேர்க்கப்பட்ட சர்க்கரை, செயற்கை இனிப்பு, மணமூட்டிகள் பற்றியும் எச்சரித்தது. பொதுமக்கள் எல்லோருக்குமாகச் சொன்ன அறிவுரை என்ற அளவில் அது சரியே. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்; அந்த வயதில் முட்டை, பால், பயறு, தூக்கம் இவற்றை மிஞ்சிய சப்ளிமெண்ட் கிடையாது.

வாங்கிய டப்பாவை, குறிப்பாகக் கடலோர ஊர்களில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஈர ஸ்கூப் உள்ளே போனால் பவுடர் கட்டிபிடித்து, நாற்றம் வரும். வாடை மாறியதைக் குடிக்கக்கூடாது. ஷேக்கரை அன்றன்றே கழுவிவிட வேண்டும். திறந்தபின் மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுள்ள டப்பாவே போதும், ஐந்து கிலோப் பையில் சலுகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும்.