அதாமேயும் சூனியக்காரியும்

பிரித்தானியாவில் தொடங்கின விக்கா எண்ட விட்ச் சமயத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கினால், கெதியா ஒரு கத்தி வந்துவிடும். பேர் அதாமே. கறுப்புப் பிடி. அதால ஒண்டும் வெட்டுறதில்லை. சடங்கு நடக்கிற வட்டத்தைக் காற்றில கீறத்தான். மூலிகை வெட்ட வெள்ளைப்பிடிக் கத்தி வேற இருக்கு. விளக்குமாறும் குப்பை கூட்ட இல்லை. 'நிழல்களின் புத்தகம்' எண்டால் படங்களில் வாற மாதிரி மாயப் புத்தகம் இல்லை, சேருகிறவர் தன்ர கையாலேயே பார்த்தெழுதுற சடங்குக் கொப்பி.

இதைப் பகிரங்கப்படுத்தின ஜெரால்ட் கார்ட்னர் இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பிறகு மலாயாவுக்குப் போய், கிரிஸ் கத்திகளைப் பற்றி 1936இல் ஒரு நூலே எழுதினார். அந்தக் கத்திப் பைத்தியம்தான் அதாமேயிலும் தெரியுது எண்டது என்ர ஊகம். பழைய விட்ச்கிராஃப்ட் சட்டம் 1951இல் நீங்கின பிறகு, 1954இல் இதை ஆதிச் சமயமாக எழுதினார். உண்மையில் இது 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. எனக்கு அது குறையாத் தெரியேல்ல.

சாமான்களை விளங்கப்படுத்தலாம். இடிக்கிறது 'விட்ச்' எண்ட சொல். 'சூனியக்காரி' எண்டு போட்டால், எங்கட பக்கம் அது ஒருத்தி தனக்கு வைக்கிற பேரில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால், மாடு செத்தால், தனிய இருக்கிற கிழவிக்கு அயலார் வைக்கிற பேர். டொரீன் வாலியென்டே போன்ற பெண்கள் அப்பிடியொரு வசையைத்தான் எடுத்துத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். அந்தத் துணிவு மொழிபெயர்ப்பில வருகுதில்லை. இங்க 'விட்ச்' எண்டே விட்டிட்டன். அம்மம்மா கேட்டால் என்னெண்டு சொல்லுறது?